ஒன்பதாம் கிளாஸ் பைத்தான்: போர்டில் உள்ளதை அடிக்கிறார்கள், தானாக எழுத வரவில்லை

சித்தூர் டீச்சர்:
தமிழ் மீடியம், 38 பிள்ளைகள். லேபில் ஓடுகிற சிஸ்டம் 11. எல்லாவற்றிலும் கைட் (கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனம்) தந்த உபுண்டு இயங்குதளம்; பைத்தான் புரோகிராம் எழுத ஐடில் என்ற எடிட்டர். போர்டில் எழுதிப் போட்டால் தப்பில்லாமல் அடித்து ரன் பண்ணுகிறார்கள். '1 முதல் 5 வரை கூட்டு' என்றிருப்பதை '3 முதல் 8 வரை' என்று மாற்றச் சொன்னால் கை ஓடுவதில்லை. பீரியட் 40 நிமிஷம்தான். எங்கிருந்து சரிசெய்வது? வேரியபிள் பெயரைத் தமிழில் வைக்க விடலாமா?

வாளையார் மாஷ்:
டீச்சர், முதலில் கீபோர்டை விட்டுவிட்டு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதே கூட்டல் புரோகிராமே போதும். நோட்டில் இரண்டு பத்தி: 'எண்', 'மொத்தம்'. மொத்தம் 0 என்று தொடங்கி, லூப் ஒவ்வொரு சுற்று வரும்போதும் இரண்டிலும் என்ன இருக்கிறது என்று எழுதட்டும். 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6, 4க்கு 10, 5க்கு 15. ரேஞ்ச்(1, 6) என்றதும் பாதிப்பேர் 6ஐயும் சேர்த்து 21 என்று எழுதுவார்கள். எழுதட்டும், திருத்த வேண்டாம். பிறகு ரன் பண்ணி 15 வரும்போதுதான் 'கடைசி எண் சேராது' என்பது மண்டையில் ஏறும். அப்புறம் 3 முதல் 8 கேளுங்கள், ரேஞ்ச்(3, 9) அவர்களே சொல்வார்கள், விடை 33. அடுத்த பீரியடில் பிரிண்ட் வரியை லூப்புக்குள் தள்ளி, எத்தனை வரி அச்சாகும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் சமக்குறி. கணக்குப் பாடத்தில் x = x + 1 என்பது நடக்காத சங்கதி. அதைச் 'சமம்' என்று வாசிக்கவே விடாதீர்கள். 'வலப்பக்கத்தைக் கணக்குப் போடு, வந்ததை இடப்பக்கப் பெயரில் வை' என்று வாய்விட்டு வாசிக்கட்டும்.

லேபுக்கு ஒரே நேரத்தில் 38 பேரையும் கொண்டுபோனால் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று நான்கு பேர், அடிப்பது ஒருவன்தான். 19 பேர் லேபில், மீதி 19 பேர் கிளாசில் நோட்டு வேலை, அடுத்த பீரியடில் மாற்றம். கிளாசில் இருப்பவர்களைப் பார்க்க இன்னொரு டீச்சர் வேண்டும், அதுதான் பாடு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால் 10 சிஸ்டம் போதும், ஒன்று மிச்சம். கீபோர்டில் இருப்பவர் கை மட்டும். என்ன அடிப்பது என்று சொல்வது பக்கத்தில் இருப்பவர். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும்.

கோபாலபுரம்காரன்:
மாஷ் சொன்னதோடு, லேபில் நேரத்தைத் தின்னும் எரர்கள் சில.

இன்புட்டில் வருவது எப்போதும் எழுத்துச்சரம், எண் அல்ல. 5, 7 கொடுத்துக் கூட்டினால் 57 வரும். எரர் வராததால் பிள்ளைக்குத் தப்பு என்றே தெரியாது. முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் போட வேண்டும். அப்புறம் யாராவது 5.5 அடித்தால் அங்கே நிற்கும், தசம எண்ணுக்கான ஃப்ளோட் சொல்லிக்கொடுக்க அதுவே நல்ல சமயம்.

படம் வரையப் பயன்படும் பைத்தான் தொகுப்பான 'டர்ட்டில்' பெயரையே ஃபைலுக்கு வைத்து சேவ் பண்ணினால் படம் வராது. இம்போர்ட் பண்ணும்போது பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில்தான் தேடும். பிள்ளையின் ஃபைலையே எடுத்துக்கொண்டு, கேட்டது அதில் இல்லை என்று எரர் காட்டும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும். 'ரேண்டம்' என்று வைத்தாலும் இதே கதை.

வாட்ஸ்அப்பிலோ வேர்டு ஃபைலிலோ இருந்து காப்பி பண்ணிய புரோகிராமில் மேற்கோள் குறி வளைந்து போயிருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பைத்தான் ஏற்காது. அழித்துத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். வரியின் தொடக்கத்தில் டேபையும் ஸ்பேசையும் கலந்தாலும் இப்படித்தான். ஐடிலில் டேப் தட்டினால் நாலு ஸ்பேஸ் விழும், வேறு எடிட்டரில் அடித்துக் கொண்டுவந்த ஃபைலைத்தான் கவனிக்க வேண்டும்.

கல்பாத்தி:
தமிழ்ப் பெயர் பற்றி. பைத்தான் 3இல் 'மதிப்பெண் = 50' தடையில்லாமல் ஓடும். ஆனால் இஃப், ஃபார், பிரிண்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தானே? வரிக்கு நாலு தடவை கீபோர்டை மாற்ற வேண்டிவரும், அதிலேயே பிள்ளை சலித்துப்போகும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். பிரிண்ட் பண்ணும் செய்தியும் குறிப்பும் தமிழில் போதும்.

ஒரு எச்சரிக்கை: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் வைத்துக் கேட்டால் 3 வராது, 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணும். பெயரைத் தலைகீழாகத் திருப்பும் பயிற்சியைத் தமிழில் கொடுத்தால் புள்ளி முதலில் வந்து விழும். ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, பள்ளி ஐடி கிளப்பான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையே கேள்வியாகக் கொடுக்கலாம். ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.

சித்தூர் டீச்சர்:
நன்றி. பத்து முடித்துப் பொள்ளாச்சிப் பக்கம் ப்ளஸ் ஒன் சேர்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இதில் எது உதவும்?

கோபாலபுரம்காரன்:
2018இல் வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன்னுக்கு சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான் ப்ளஸ் டூவில்தான். மாஷ் சொன்ன பத்தி போடும் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். இடறுவது வகுத்தலில்: பைத்தானில் 7 / 2 என்றால் 3.5, சி ப்ளஸ் ப்ளஸில் இரண்டும் முழு எண்ணாக இருந்தால் 3. பைத்தானிலும் 3 தருகிற 7 // 2ஐ இங்கேயே காட்டிவிடுங்கள், டீச்சர்.