ஸ்டார்ட் பண்ணும்போது 'டக் டக்', ரெடி விளக்கு வரவில்லை

வண்டி 2021 மாடல் எலக்ட்ரிக் எஸ்யூவி, 62,000 கிமீ, வாரண்டி முடிந்தது. இடம் கோவை. மழை தொடங்கியதிலிருந்து காலை முதல் ஸ்டார்ட்டில் இந்தத் தொல்லை. வெயில் ஏறிய பிறகு பெரும்பாலும் ஒழுங்காக எடுக்கிறது.

பின் சீட்டுக்கு அடியில் கான்டாக்டர் (பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே சுவிட்ச்) விழும் வழக்கமான ரெண்டு சத்தம் இல்லை இது. டக், கொஞ்சம் இடைவெளி, டக் என்று மூணு முறை முயன்றுவிட்டு மஞ்சள் ஆமை விளக்கோடு (பவர் குறைப்பு எச்சரிக்கை) நின்றுவிடுகிறது.

முதலில் எல்லோரும் சொல்லும் 12 வோல்ட் பேட்டரி: புதுசு போட்டாச்சு. ஓய்வில் 12.7, ஸ்டார்ட் பண்ணும்போது 12.2-க்குக் கீழே இறங்கவில்லை. டெர்மினல், எர்த் போல்ட் இரண்டையும் சுரண்டி முறுக்கியாச்சு. ஸ்கேனரில் பி0சி78, அதாவது ப்ரீசார்ஜ் (முழு இணைப்புக்கு முன், மோட்டாருக்குக் கரண்ட் தரும் இன்வெர்ட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக சார்ஜ் ஏற்றுவது) நேரம் அதிகம். இன்சுலேஷன் கோட் (பாடிக்குக் கரண்ட் கசிவு) எதுவும் இல்லை.

லைவ் டேட்டாதான் குழப்புகிறது. பேக் (பெரிய பேட்டரி) 330 வோல்ட். இன்வெர்ட்டர் பக்கம் 240 வரை ஏறி அங்கேயே நிற்கிறது. ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் பூஜ்யத்தை விட்டே நகராது. ஆக, ஏதோ ஒரு லோடு கரண்டை இழுக்கிறது. ஏசி, ஹீட்டர் சுவிட்ச் ஆஃப் பண்ணினாலும் மாற்றமில்லை. ஆரஞ்சு கேபிள் (உயர் வோல்டேஜ்) எதையும் இன்னும் தொடவில்லை. சர்வீஸில் நேராக பேக்கை இறக்கணும் என்கிறார்கள்.

சர்வீஸ் பிளக்கை (பேக்கின் உயர் வோல்டேஜைத் துண்டிக்கும் பிளக்) எடுத்து, டிசி லிங்க் (இன்வெர்ட்டர் பக்க) வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகு, ஏசி கம்ப்ரசர், ஹீட்டர், டிசி-டிசி கன்வெர்ட்டர் (12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் பண்ணுவது) மூன்றில் எதை முதலில் கழற்றிச் சோதிக்கலாம்?