வெளிநாட்டில் பூசைக்கு என்ன உடுத்துவது: சேலையா, சால்வையா?

பயணக்கணக்கு
யூலையில் கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். அம்மம்மா, தாய் தகப்பன், 16 வயது மகள், 12 வயது மகன். டோகா வழியாக ரோம், பிறகு மிலான், கடைசியில் சுவிஸில் ஐன்சீடல்ன் மாதா கோயில். இடையில் இரண்டு ஞாயிறு வருகிறது. பெண்கள் எல்லாருக்கும் சேலையும் தலைக்கு வெள்ளை நெட்டும் வேணும் என்று அம்மம்மா நிற்கிறா. ஆளுக்கொரு சால்வை போதும் என்கிறா தாய். எது சரி? பயணத்தால் பூசை தவறினால் என்ன செய்வது?

கொட்டாஞ்சேனையான்
அம்மம்மா சொல்வதுதான் சரி. நற்கருணை வாங்கப் போகிறவரின் உடையும் நடத்தையும் மரியாதையையும் மாட்சியையும் மகிழ்ச்சியையும் காட்ட வேணும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1387ஆம் எண்ணில் இருக்கிறது. ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இல்லை. புனித லூசியா பேராலயத்துக்கு ஞாயிறு காலை எதைப் போட்டுக்கொண்டு போகக் கூசுவோமோ, அதை ரோமில் போட மட்டும் என்ன காரணம்? பலிபீடம் ஒன்றுதான். பயணம் போகிறவர்கள் உல்லாசப் பயணிக்கான உடுப்பை முதலில் மடித்து வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் கோயில் உடுப்பைத் தேடுகிறார்கள். அந்த ஒழுங்கைத்தான் மாற்ற வேணும்.

வெள்ளவத்தைக் கரை
அண்ணா, மரியாதை வேணும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் யூலை ரோமைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முதலில் சதுக்கத்தில் வரிசை, பிறகு விமான நிலையத்தில் மாதிரி ஸ்கேனர். உடுப்பைப் பார்க்கிறவர் அதையும் தாண்டித்தான் நிற்பார். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று, கடைசியில் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இதனால்தான். அவர் பார்ப்பது இரண்டே விஷயம்: தோள் மூடியிருக்கா, முழங்கால் மூடியிருக்கா. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஆண்கள் உள்ளே தொப்பி கழற்ற வேணும். சிறு பேனாக்கத்தியும் ஸ்கேனரைத் தாண்டாது.

இதற்கு ஒரு சால்வை போதும், ஆனால் எந்தச் சால்வையும் சரிவராது. 2 மீற்றர் நீளம், 70 சென்ரிமீற்றர் அகலம், பருத்தி, ஊடாகத் தெரியாத நிறம். பட்டும் பொலியெஸ்ரரும் தோளில் நிற்காது. சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினால் வழுக்கும், முழங்காலில் இருந்தால் முழுக்க விழும். நெட் துணி தோளை மூடினதாகவே கணக்கில்லை. இரண்டு ஊசி குத்தி விட்டால் பூசை முடியும் வரை தொடத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையான்
வாசற்காவலாளியின் அளவுகோலைப் பூசையின் அளவுகோலாக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம். பார்சலோனா சக்ராதா ஃபமிலியாவின் விதியைப் பாருங்கோ. தோள் மூட வேணும், ஆனால் காற்சட்டையும் பாவாடையும் பாதித் தொடை வரை இருந்தால் போதும். ரோமில் முழங்கால், அங்கே பாதித் தொடை. இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், அது கட்டடத்தைப் பார்க்க வருகிற கூட்டத்தைச் சமாளிக்க வைத்த குறைந்தபட்ச விதி. நன்மை (நற்கருணை) எடுக்கப் போகிற கத்தோலிக்கப் பிள்ளைக்கு அது அளவாகுமா?

வெள்ளவத்தைக் கரை
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பாதித் தொடைப் பாவாடையோடு பூசைக்குப் போகச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வழியில் பட்டுச்சேலை ஒன்று ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். பாவாடை, சட்டை, செருப்பு சேர்த்தால் மூன்று பெண்களுக்கு நாலு ஐந்து கிலோ. ரோமின் பழைய தெருக்கள் சதுரக் கல் பதித்தவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் குதி இறங்கும், கால் புரளும். 16 வயதுப் பிள்ளை, பழக்கமில்லாத சேலையோடு அதில் ஒரு கிலோமீற்றர் நடக்க வேணுமா? கடைசியில் என்ன நடக்கும்? “உடுத்த நேரமில்லை, இன்றைக்குப் பூசை வேண்டாம்” என்பார்கள். உடுப்பால் பூசை தவறுவதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது.

மன்னார் அக்கா
இரண்டு பேரும் பட்டுச்சேலையை வைத்தே சண்டை பிடிக்கிறீர்கள். பருத்திச் சேலை அரைக் கிலோதான். அம்மம்மாவுக்கு அதுதான் சுகம், அவவுக்குக் காற்சட்டையைப் போட்டுவிட்டு ஜெபத்தில் மனம் நிற்கச் சொல்ல ஏலாது. கரையைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே தூக்கிக் கட்டுங்கோ. இத்தாலியில் பழைய கோயில்கள் சிலவற்றில் வாங்கு இருக்காது, வைக்கோல் பின்னிய கதிரைதான் இருக்கும். அதன் கால்களிலும் முன்னால் இருக்கிற முழந்தாட் பலகையிலும் கரை மாட்டினால், எழும்பும்போது கொசுவம் கழன்றுவிடும். கொசுவத்தின் மடிப்புகளை உள்ளுக்கு ஒரு பெரிய ஊசியால் சேர்த்துக் குத்த வேணும். கையில்லாத சட்டை வேண்டாம், முந்தானை ஒரு தோளைத்தான் மூடும். சப்பாத்து தட்டையாக, பின்பட்டியோடு.

ஐன்சீடல்ன் ஏறத்தாழ 880 மீற்றர் உயரம். யூலையிலும் மழை வந்தால் குளிரும், கல்லுக் கோயில் உள்ளே இன்னும் குளிரும். அம்மம்மாவின் சேலைக்குள் நீளக்கை உள்ளாடை ஒன்றும் காலுறையும் வேணும்.

மகளுக்கு சல்வார் போதும், அண்ணா. கொழும்பில் அதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிற பிள்ளைகளை யாரும் குறை சொல்வதில்லையே.

இன்னொன்று, வேளாங்கண்ணியில் மாதிரி வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போக வேண்டாம். ஐரோப்பாவில் அந்த வழக்கம் இல்லை, வைக்க இடமும் இருக்காது.

கொட்டாஞ்சேனையான்
சல்வாருக்கு நான் எதிரில்லை, தங்கச்சி. ஜீன்ஸோடும் ரீ-சேர்ட்டோடும் போய், மேலே ஒரு சால்வையைப் போர்த்தினால் சரி என்கிற எண்ணத்துக்குத்தான் எதிர். முக்காடும் விட்டுவிடக் கூடாது. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் சொன்னதல்லவா?

சட்டப்புத்தகம்
முக்காடு பற்றி ஒரு திருத்தம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1262ஆம் இலக்கம் பெண்கள் தலையை மூட வேணும் என்றது. 1976இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, முக்காடு இனிக் கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதியே இல்லை. ஆகவே அம்மம்மா போடலாம், அது அழகான பக்தி. பேத்தியைக் கட்டாயப்படுத்த யாருக்கும் சட்டம் இல்லை. பழைய இலத்தீன் முறைப் பூசை நடக்கிற கோயில்களில் முக்காடு போட்ட பெண்கள் அதிகம், அங்கேயும் அது வழக்கம்தான், சட்டம் இல்லை.

ஞாயிறு பூசை காணும் கடமை பற்றி: “பயணத்தில் ஞாயிறு கடமை இல்லை” என்று கன பேர் சொல்வது பிழை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1248ஆம் சட்டம் தருகிற சலுகையே பெரியது. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும், ஞாயிறன்றோ முதல்நாள் மாலையிலோ, பூசை கண்டால் கடமை நிறைவேறும். மொழி விளங்க வேணும் என்றில்லை. ரோமோடு ஒன்றித்த கிழக்குமுறைக் கத்தோலிக்கரான மறோனைட், சீரோ மலபார் கோயில்களும் சேர்த்தி. அங்கிலிக்கன் கோயில் சேராது.

உண்மையிலேயே போக வழியில்லை என்றால் பாவம் இல்லை. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, தனியாகவோ குடும்பமாகவோ ஜெபத்தில் நேரம் செலவிடச் சொல்கிறது. ஞாயிறு முழுக்க விமானத்தில் என்று முன்கூட்டியே தெரிந்தால் பங்குச் சுவாமியிடம் கேளுங்கோ. 1245ஆம் சட்டப்படி நியாயமான காரணத்துக்கு விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ரிக்கெற் எடுத்த கையோடு கேட்பது நல்லது.

வெள்ளவத்தைக் கரை
டோகாவுக்கும் இதைச் சேர்க்கிறேன். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. அதனால் ஞாயிறுக்குரிய பூசையை வெள்ளியிலேயே வைக்க அனுமதி இருக்கிறது. நகருக்கு வெளியே, எல்லாச் சபைகளின் கோயில்களும் ஒரே வளாகத்தில், வெளியில் சிலுவை தெரியாமல் இருக்கும். வாசலில் பாதுகாப்புச் சோதனை. இடைத்தங்கல் நாலைந்து மணித்தியாலம் என்றால் அதற்காக வெளியே போக வேண்டாம், குடிவரவில் நின்று போய்த் திரும்ப நேரம் காணாது. டுபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேணும், அங்கே 2022இலிருந்து சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. பழைய அட்டவணையை நம்ப வேண்டாம்.

சட்டப்புத்தகம்
மிலானுக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேணும். அது அம்புரோசிய வழிபாட்டு முறை. உலகம் முழுக்க அந்த ஞாயிறுக்கு வாசிக்கிற வாசகம் அங்கே இருக்காது, அவர்களுக்கென்று தனி வாசக நூல். சமாதானம் பகிர்வது நன்மைக்கு முன்னால் அல்ல, காணிக்கைக்கு முன்னால் வரும். விசுவாசப் பிரமாணம் அதற்குப் பிறகு. முதல்முறை போகிறவர்கள் ‘பூசை பிழைத்துவிட்டதோ’ என்று முழிப்பது இங்கேதான். அது முழுமையான கத்தோலிக்கப் பூசை, கடமையும் நிறைவேறும்.

ரோமில் அந்தக் குழப்பம் இல்லை. அன்றைய வாசகங்களைத் தமிழ் விவிலியத்தில் காலையிலேயே வாசித்து வைத்தால், இத்தாலியனில் என்ன போகிறது என்று அம்மம்மாவே பிடித்துக்கொள்வா.

சுவிஸில் பெயர்ப்பலகை பாருங்கோ. ‘ரோமிஷ் கத்தோலிஷ்’ என்றிருந்தால் நம்முடையது. ‘கிறிஸ்ட்கத்தோலிஷ்’ என்பது ரோமோடு ஒன்றிப்பில் இல்லாத பழைய கத்தோலிக்கச் சபை. ‘ரிஃபோர்மீர்ட்’ புரட்டஸ்தாந்து. வெளியிலிருந்து மூன்றும் ஒரே மாதிரிக் கோபுரமும் மணியும்தான்.

பயணக்கணக்கு
கன உதவி. உல்லாசப் பயணிகள் காசு கட்டிப் பார்க்கிற கோயில்களில் பூசைக்கும் ரிக்கெற் வேணுமா? அம்மம்மா நன்மையை நாக்கில்தான் வாங்குவா, அதற்குத் தடை ஏதும் உண்டா? காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிக்க வேணும்?

மன்னார் அக்கா
பூசைக்குக் காசு இல்லை. வாசலில் “மெஸ்ஸா” என்று சொன்னால் தனிப் பாதையைக் காட்டுவார்கள். பூசை தொடங்கினபின் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள், அரை மணித்தியாலம் முன்னால் நில்லுங்கோ. பூசை முடிந்ததும் கமெராவோடு மற்றப் பக்கம் சுற்றவும் விடமாட்டார்கள்.

நாக்கில் வாங்க எங்கேயும் உரிமை உண்டு. மற்றவர்கள் கையில் வாங்குவதென்றால் இடக்கை மேலே, வலக்கை கீழே. வாங்கின இடத்திலேயே சுவாமிக்கு முன்னால் உட்கொள்ள வேணும், கையில் வைத்துக்கொண்டு நடந்தால் பின்னால் வந்து கேட்பார்கள். நன்மையைத் திராட்சை இரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் எல்லாருக்கும் நாக்கில்தான்.

ஒரு மணித்தியால நோன்பு நன்மை எடுக்கிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. எட்டு மணிப் பூசைக்கு ஏழரைக்குள் கோப்பி முடிந்தால் சரி. தண்ணியும் மருந்தும் நோன்பை முறிக்காது.

யூலை, ஓகஸ்டில் இத்தாலியப் பங்குகள் கோடைகால அட்டவணைக்கு மாறும், சில பூசைகள் இராது. இணையத்தில் போட்ட நேரம் பழையதாக இருக்கலாம். சனிக்கிழமையே கோயில் கதவில் ஒட்டின தாளைப் பாருங்கோ. உண்டியலுக்குச் சில்லறை வைத்திருங்கோ. சுவிஸில் தொலைபேசியில் காசு அனுப்பும் ட்வின்ட் அந்நாட்டு வங்கிக்கணக்கு இல்லாதவர்களுக்கு உதவாது.

கொட்டாஞ்சேனையான்
எல்லாம் சொன்னீர்கள், பொடியனை மறந்துவிட்டீர்கள். 12 வயதுப் பிள்ளைக்குக் கட்டைக் காற்சட்டை ஆகுமா?

வெள்ளவத்தைக் கரை
ரோமில் வாசலிலேயே பிரச்சினை வரும், அண்ணா. முழங்காலில் ஜிப் வைத்த, கழற்றிப் பூட்டுகிற நீளக் காற்சட்டை ஒன்று வாங்கட்டும். பகலில் சுற்றக் கட்டை, வரிசையில் நிற்கும்போது கீழ்ப்பகுதியைப் பூட்டினால் நீளம். சப்பாத்துக்கு மேலால் ஏறுகிற அகலமா என்று கடையிலேயே போட்டுப் பார்க்க வேணும். மேலே கொலர் வைத்த பருத்திச் சட்டை.

கொட்டாஞ்சேனையான்
காற்சட்டை சரி. ஞாயிறுக்கென்று ஒரு கொலர் சட்டை, வேறு நாளில் போடாமல், தனிப் பையில் மடித்து வைக்கட்டும். ஜீன்ஸ் விஷயத்தில் நான் மாறவில்லை.

வெள்ளவத்தைக் கரை
கிழியாத, கறுத்த, நீள ஜீன்ஸ் என்றால் நானும் மாறவில்லை. ஆனால் சால்வைகளையும் அம்மம்மாவின் ஒரு சேலையையும் கைப்பொதியில் வையுங்கோ. டோகாவில் பெரிய பொதி பின்தங்கினால், முதல் ஞாயிறுக்கு உடுப்பு கையில் இருக்கும்.

கொட்டாஞ்சேனையான்
அது சரி. சேலைச் சட்டையையும் பாவாடையையும் அதே பைக்குள் வைக்கச் சொல்லுங்கோ, சேலை மட்டும் வந்து சேர்ந்தால் கட்ட ஏலாது.