கைக்கு 24,000 காண்ட்ராக்டா, பிடித்தம் போக 16,000 நிரந்தரமா?

கேத்தி பையன்:
ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், வயது 26. இரண்டு இடத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஆறு மாதம் புரபேஷன், அப்புறம் நிரந்தரம். மொத்தம் 17,800, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000. பி.எஃப். சேமிப்பும் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் போகக் கைக்கு 15,986. ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் உண்டு. போன தீபாவளிக்கு போனஸ் பத்தாயிரம் கொடுத்தார்களாம்.

இன்னொன்று ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்பு வேலை. ரிசார்ட் நேராக எடுக்கவில்லை, கோயம்புத்தூர் காண்ட்ராக்டர் வழியாக. 24,000 அப்படியே கையில். 11 மாத ஒப்பந்தம். தங்க நாமே இடம் பார்க்க வேண்டும். அம்மா கோத்தகிரிக்குப் போ என்கிறார். நண்பர்கள் சிரிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மஞ்சூர் வயர்மேன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? மாதம் எட்டாயிரம் வித்தியாசம். நான் 2018-ல் 12,000-க்குக் காண்ட்ராக்டில் சேர்ந்தேன். நான்கு இடம் மாறி இப்போது 33,000 வாங்குகிறேன். என்னோடு படித்தவன் நிரந்தரம் என்று ஒரே இடத்தில் உட்கார்ந்தான், வருடத்துக்கு 400, 500 ஏறுகிறது. ரிசார்ட்டில் ஜெனரேட்டர், பாய்லர், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று எல்லாவற்றிலும் கை வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் வாடல் தொட்டி ஃபேனும் டிரையர் மோட்டாரும்தான். 26 வயதில் தொழில் கற்றுக்கொள்ளாமல் எப்போது கற்பது?

டைம் ஆபீஸ் பெரியவர்:
முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். எட்டாயிரம் வித்தியாசம் என்பது சம்பளச் சீட்டின் கடைசி வரியை மட்டும் படிப்பவர் கணக்கு. மேலே இருக்கும் வரிகளையும் படியுங்கள்.

கைக்கு 15,986. உன் பங்கு பி.எஃப். 1,680, அது உன் பணம்தான். முதலாளி பங்கு இன்னொரு 1,680. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 14,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 8,077, மாதத்துக்கு 673. போனஸ் பத்தாயிரத்தை மாதமாக்கினால் 833. இதுவரை 20,852. ஊட்டியில் ஓர் அறை நாலாயிரத்துக்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். குவார்ட்டர்ஸ் மிச்சத்தைச் சேர்த்தால் 24,852. இப்போது எது அதிகம்?

இன்னொன்று. இ.எஸ்.ஐ. வரம்பு மாதச் சம்பளம் 21,000. 24,000 வாங்கினால் நீ அதற்குள்ளேயே வரமாட்டாய். எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறுகிறவன். வேலையில் விழுந்து கால் முறிந்தால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவனுக்குக் குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். மற்றவன் நஷ்டஈடு கேட்டு மனு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மஞ்சூர் வயர்மேன்:
பெரியவரே, கூட்டல் சரி. ஆனால் கிராஜுவிட்டி ஐந்து வருடம் தாண்டினால்தான். நான்காவது வருடம் விட்டு வந்தால் அந்த 673 எங்கே? முதலாளி பங்கு 1,680-ல் 1,166 பென்ஷன் கணக்குக்குப் போகிறது. சூத்திரப்படி 14,000-க்கு முப்பது வருடம் உழைத்தால் மாதம் 6,000 பென்ஷன். முப்பது வருடம் கழித்து ஆறாயிரத்துக்கு என்ன வரும், ஒரு மூட்டை அரிசி? கையில் வரும் பணத்தில் நானே சீட்டுக் கட்டி நிலம் வாங்கினேன்.

டைம் ஆபீஸ் பெரியவர்:
நீ வாங்கினாய். நூறு பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள்?

வெலிங்டன் அக்கா:
நான் நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் காண்ட்ராக்டில் மூன்று வருடம் இருந்தேன். பேர் வேண்டாம். நிரந்தர நர்சுகள் நீல பேட்ஜ், நாங்கள் வெள்ளை பேட்ஜ். வார்டு ஒன்று, நைட் டியூட்டி ஒன்று, சம்பளம் மட்டும் இரண்டு. பிரசவ விடுப்பு 26 வாரம், 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் காண்ட்ராக்ட்காரருக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. எனக்கு ஏழாவது மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, 'புதுப்பிக்கவில்லை', அவ்வளவுதான். சண்டை போட ஆளே இல்லை. மருத்துவமனை ஏஜென்சியைக் கை காட்டியது, ஏஜென்சி போனை எடுக்கவில்லை. பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மட்டும் மூன்று தடவை போன் வந்தது.

தம்பிக்குப் பிரசவம் வராது, சரி. டைபாய்டு வரும்.

லாரிப்பேட்டை காண்ட்ராக்டர்:
எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள், எங்கள் பக்கமும் கேளுங்கள். நான் பதினான்கு ஆள் வைத்து ஹோட்டல்களுக்குப் பராமரிப்பு செய்கிறேன். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். ஹோட்டல்காரர் பில்லுக்கு அறுபது நாள் கழித்துப் பணம் தருவார். அந்தப் பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் அவர் தருவதற்கு முன்னாலேயே நான் கட்டிவிடுகிறேன். வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 'முழுதாகக் கையில்' என்று ஒரு காண்ட்ராக்டர் சொன்னால் பி.எஃப். கட்டவில்லை என்றே எடுத்துக்கொள். தம்பிக்கு ஏற்கெனவே யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் இருந்தால் அவர் கட்டியே ஆகவேண்டும்.

கேத்தி பையன்:
இருக்கிறது அண்ணா. அப்ரண்டிஸ் முடித்து எட்டு மாதம் ஒரு கம்பெனியில் இருந்தேன்.

லாரிப்பேட்டை காண்ட்ராக்டர்:
அப்படியானால் அவரிடம் அவர் நிறுவனத்தின் பி.எஃப். கோடு எண்ணைக் கேள். கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

இந்து நகர் வாசி:
நிரந்தரம் நிரந்தரம் என்கிறீர்களே, எங்கள் ஏரியாவுக்கு வந்து பாருங்கள். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம். அதைவிட நிரந்தரம் இந்த மலையில் எது இருந்தது? டிஜிட்டல் வந்தது, பிலிம் போனது, விருப்ப ஓய்வு கொடுத்து முடித்தார்கள். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையே 2021 அக்டோபர் 1-ல் அரசுத் துறையிலிருந்து அரசுக் கம்பெனிக்குக் கீழே போய்விட்டது, ஆட்கள் டெபுடேஷனில். குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தால் உங்கள் தேயிலைத் தொழிற்சாலை எத்தனை நாள் தாங்கும்?

டைம் ஆபீஸ் பெரியவர்:
மூடுகிறபோது விருப்ப ஓய்வுத் தொகை என்று பேசுவதற்கே பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் ஐயா. டிசம்பர், ஜனவரியில் பனி அடித்துக் கொழுந்து கருகினால் தொழிற்சாலை வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். அப்போது எலக்ட்ரீஷியனை அனுப்ப மாட்டார்கள். மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்கிற காலமே அதுதான். ரிசார்ட்டில் மழை பிடித்தால் பாதி அறை பூட்டு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. யாரை முதலில் நிறுத்துவார்கள்?

மஞ்சூர் வயர்மேன்:
என்னை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. வேலை தெரிந்தவனை யாரும் விடமாட்டார்கள். அப்புறம் தமிழ்நாட்டுச் சட்டமே இருக்கிறதே, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று.

டைம் ஆபீஸ் பெரியவர்:
1981 சட்டம், உண்மை. தற்காலிகத்தில் இருப்பவனுக்கும் பதிலி ஆளுக்கும் அது கை கொடுக்கும். காண்ட்ராக்டர் ஆள் போய்க் கேட்டால் முதல் பதிலே 'இவன் எங்கள் ஆள் இல்லை' என்பதுதான். காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தானாக நிரந்தரம் ஆகிவிடாது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில். 2025 நவம்பரில் வந்த புதிய சட்டத் தொகுப்பில் குறித்த கால ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆனால் அது நிறுவனமே நேராகக் கையெழுத்துப் போட்டு எடுக்கும் ஆளுக்கு. தம்பியின் ஒப்பந்தம் 11 மாதம், அதுவும் காண்ட்ராக்டரோடு. அந்தப் பன்னிரண்டாவது மாதம் ஏன் இல்லை என்று யோசி.

மஞ்சூர் வயர்மேன்:
சட்டம் பேசினால் உங்களை ஜெயிக்க முடியாது. எட்டாயிரம் எட்டாயிரம்தான்.

வெலிங்டன் அக்கா:
பெண் பார்க்கப் போகும்போது 'எங்கே வேலை' என்று கேட்பார்கள் தம்பி. ரிசார்ட் பெயரைச் சொல்வாயா, காண்ட்ராக்டர் பெயரைச் சொல்வாயா?

கேத்தி பையன்:
அக்கா, அந்தப் பேச்சே இன்னும் வரவில்லை!

இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். காண்ட்ராக்டரிடம் பி.எஃப். கோடும், ரிசார்ட் பெயர் போட்ட வேலை உத்தரவும் கேட்டேன். "முதலில் சேருங்கள், முதல் சம்பளத்தோடு எல்லாம் தருகிறேன்" என்றார். தொழிற்சாலை மேனேஜர் உத்தரவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். ஆனால் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறதாம், ஜூனுக்குள் தகரம் மாற்றித் தருவார்களாம். எந்த வருட ஜூன் என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்சில் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மஞ்சூர் வயர்மேன்:
கூரையோடு நிறுத்தாதே. சம்பளம் எப்போது ஏறும் என்று அங்கே இருக்கிற எலக்ட்ரீஷியனிடம் கேள். மேனேஜரிடம் கேட்காதே.

டைம் ஆபீஸ் பெரியவர்:
இதில் வயர்மேன் சொல்வதுதான் சரி. உன் வேலையில் முந்தி இருந்தவர் ஏன் போனார் என்றும் கேட்டுவிடு. அப்புறம், முதல் பஸ் என்கிறாய். ரோட்டில் காட்டெருமை நிற்கும் நேரம், டார்ச் எடுத்துக்கொள்.