கல்வெட்டுப் பக்கங்களுக்கு விதி வகுத்தல்: பாமினி முதல் வெண்பா வரை

கிளிநொச்சியிலிருந்து:
இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் சிறுநூலான கல்வெட்டில் கூடுதல் நேரம் போவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றித் திருத்துவதில்தான். மாற்றும் விதிகளின் வரிசை முக்கியம். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு (ெ), க, அரவு (ா) என மூன்று தட்டல். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் விதி முதலில் ஓட வேண்டும். ‘கெ’ விதி அதற்குப் பிறகு. மாறி ஓடினால் கொம்பும் அரவும் இரு குறியீடுகளாகவே தங்கிவிடும். திரையில் சரியாகத் தெரியும், ஆனால் ‘கொக்கிளாய்’ என்று தேடினால் பல மென்பொருள்களில் அகப்படாது.

ஔகாரம் இன்னும் கரைச்சல். அதன் பின்குறியும் ளகரமும் பாமினியில் ஒரே விசை. அதனால் ‘கௌரி’ ‘கெளரி’யாக வரும். எல்லா ‘கெள’வையும் மாற்றினால் ‘கெளிறு’ உடையும். ளகரத்துக்குப் பின் விசிறியோ (ி) குற்றோ (புள்ளி) வேறு உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். பெயர்ப் பட்டியலை அதற்குப் பிறகும் கண்ணால் வாசிக்கத்தான் வேண்டும்.

வவுனியாவிலிருந்து:
அண்ணை சொன்னதோடு இதையும் சேருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட். அதையும் பாமினியையும் ஒன்றாகக் கொட்டி மாற்றியை ஓட்டினால் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பாமினி எழுத்துரு உள்ள துண்டுகளை மட்டும் பிடியுங்கள்.

பக்க அளவு: ஏ5இன் உயரம் 210 மி.மீ., கிட்டத்தட்ட 595 பொயின்ற். எழுத்து 11, வரியடி (ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குள்ள தூரம்) 16. 31 வரிக்கு 496. மிச்சம் 99இல் மேலே 45, கீழே 54. தலைப்புக்கு 32, படத்தின் உயரம் 16இன் மடங்கு. ஆங்கிலத்துக்குப் பழகிய வரியடி 13ஐ வைத்தால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரிக் குற்றில் முட்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைப் பந்தி ஸ்டைலுக்குள்ளேயே வையுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்திடைவெளியைக் கூட்டவே வேண்டாம், கொம்பும் அரவும் பிரிந்து போகும்.

முல்லைத்தீவிலிருந்து:
இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்குத் தனி ஸ்டைல் வேண்டும்: இடப்பக்க ஒழுங்கு, சொல் வெட்டு இல்லை. இரண்டாம் அடியின் தனிச்சொல் கோட்டோடு அதே வரியில் நிற்க, உடையா இடைவெளி போடுங்கள். அடி நீண்டால் நான்கு அடிகளின் எழுத்தையும் 10 ஆக்குங்கள். ஒன்றை மட்டும் நெருக்கினால் ஓசையே கெட்டதுபோல் தெரியும்.

பக்க எண்ணிக்கை 4இன் மடங்கு. 16 பக்கமென்றால் தாளில் அருகருகே வரும் எண்களின் கூட்டு 17: 1உம் 16உம், 2உம் 15உம். பிளேற் (அச்சுத் தகடு) அடிக்க முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.