மாந்தோப்புச் சொந்தங்கள், கொல்லங்கோடு

பெரியப்பா: செந்தூரம் வெளியே பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கிறது, வெட்டினால் உள்ளே புழு. வியாபாரி நாலு பழத்தைக் கீறிப் பார்த்துவிட்டு விலையை இறக்கிவிட்டார்.

மணி மாமா: எனக்கொரு ஃபார்வர்டு வந்தது. பழப்புழுவை ஒழிக்க ஜீனை வெட்டிய ஈயைத் தோப்பில் விடப் போகிறார்களாம், அது உட்கார்ந்த பழத்தைத் தின்றால் நமக்கும் பிள்ளை பிறக்காதாம். நிஜமா கவி?

கவி: யாரோ கட்டிவிட்ட கதை மாமா. பழத்தில் யாரும் கை வைப்பதில்லை, ஈயில்தான் வேலை. காயைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈ மட்டும். மலட்டு ஆண்களை ஏராளமாக வளர்த்து விட்டால் அவற்றோடு சேரும் பெண் வைக்கும் முட்டை பொரிக்காது. நம் பாகல், பீர்க்கையில் புழு வைக்கும் அதே ஈயை ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் இப்படித்தான் 1993-ல் அடியோடு ஒழித்தார்கள். அங்கே கதிர்வீச்சில் மலடாக்கினார்கள், ஆனால் அதில் ஈயும் கொஞ்சம் சோர்ந்துபோகும், காட்டு ஆணோடு போட்டி போடுவது கஷ்டம்.

செல்வி அத்தை: அதற்கு ஜீனில் என்ன பண்ணுவார்கள் கண்ணு

கவி: 2019-ல் கலிபோர்னியாவில் ஓமர் அக்பரி குழு ஆய்வகத்துச் சின்ன ஈக்களில் செய்து காட்டியது அத்தை. ஒரு கூட்டத்து ஈயில் மரபணுவை வெட்டும் கேஸ்9 புரதம், இன்னொரு கூட்டத்தில் எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் ஆர்.என்.ஏ. தனித்தனியாக வளர்க்கும்வரை ஒன்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்தால் பிறப்பதில் பெண் பிழைக்காது, ஆண் மலடு. அப்புறம் செர்ரி, ஸ்ட்ராபெர்ரியைக் கெடுக்கும் ஈயிலும் செய்தார்கள். மாம்பழ ஈக்குத் தோப்புவரை இன்னும் வரவில்லை.

பெரியப்பா: பூவில் சாறு உறிஞ்சும் த்ரிப்ஸ் பூச்சி போகுமா?

கவி: போகாது பெரியப்பா. ஈ தன் இனத்தோடுதான் சேரும். த்ரிப்ஸ், தத்துப்பூச்சி எல்லாம் அப்படியே இருக்கும்.

பெரியப்பா: அப்போ பூ நேரத்து மருந்துச் செலவு குறையப் போவதில்லை. அதுதானே நம்மைத் தின்கிறது.

மணி மாமா: எனக்கு வேறு சந்தேகம். காசு போட்டு விட்ட மலட்டு ஆணை நம் மீத்தைல் யூஜினால் வாசனை மருந்துப் பொறியே பிடித்துவிடாதா? அதுவும் ஆண் ஈயைத்தானே இழுக்கிறது.

கவி: 👏 மாமா கேட்டதுதான் கேள்வி. விடுவதற்கு முன்பே அந்த மருந்தைத் தின்னக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பொறிப் பக்கம் அதிகம் போகாது, பெண்ணைக் கவர்வதிலும் கெட்டியாகிவிடும். பெரிய தொல்லை வேறு. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் அடுத்த தோப்பிலிருந்து பறந்து வந்தால் நாம் விட்டது வீண். ஒகினாவா கடல் சூழ்ந்த இடம். இங்கே கேரளத்து முதலமடையிலிருந்து தமிழ்நாட்டு ஆனைமலை வரை எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும்.

செல்வி அத்தை: கோவிந்தாபுரம் எல்லைச் செக்போஸ்ட்டில் ஈயை நிறுத்திப் பாஸ் கேட்கச் சொல்லு 😂

மணி மாமா: இரண்டு சர்க்காரும் கூடிப் பேசி முடிப்பதற்குள் என் மரம் பட்டுப்போகும். பக்கத்துக் குத்தகைக்காரர் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கவே ஆள் விடுவதில்லை, அத்தனை புழுவும் மண்ணுக்குள் போய்க் கூடு கட்டுகிறது.

பெரியப்பா: அவரிடம் நான் பேசுகிறேன். நாளைக்கு நம் தோப்பில் பொறுக்க ஆள் வருகிறதா?

மணி மாமா: இரண்டு பேர் வருகிறார்கள். குழியை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், போன தடவை மேலாகப் போட்டு மூடி நாய் கிளறிவிட்டது.

செல்வி அத்தை: காலை டிபன் நான் கொடுத்துவிடுகிறேன்