படகு கேபின் உள்கூரைக்கு என்ன போடலாம்?

என் பாய்மரப் படகின் கேபின் உள்கூரை தொங்கிவிட்டது. 1984-இல் கட்டிய 30 அடி ஃபைபர்கிளாஸ் படகு. ஃபோம் ஒட்டிய வினைல்தான் முதலிலிருந்தே இருக்கிறது. அந்த ஃபோம் இப்போது பிசுபிசுப்பான பொடியாக உதிர்கிறது. படுத்தால் முகத்தில் விழுகிறது.

போன கோடையில் பசை ஸ்ப்ரே அடித்து ஒட்டினேன். பொடியின் மேல் பசை எப்படிப் பிடிக்கும்? மூன்றே வாரத்தில் மறுபடி தொங்கியது. அப்புறம் முன்கேபினில் மட்டும் முழுதாக உரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தேன். சுத்தமாகிவிட்டது, சரி. ஆனால் வெறும் ஃபைபர்கிளாஸில் மூச்சுக்காற்று பட்டு, விடியற்காலையில் தண்ணீர் சொட்டுகிறது.

தலை இடிக்காமல் இருக்க 20 மி.மீ.க்கு மேல் உயரத்தை விட்டுக்கொடுக்க முடியாது. மேல்தளத்தில் பொருத்தியவற்றின் நட்டுகளும் அங்கேதான். எங்காவது கசிந்தால் கழற்றியே ஆகவேண்டும்.

3 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வினைல் சுற்றி வெல்க்ரோவில் மாட்டலாம் என்று பார்த்தால், இரண்டு திசையிலும் வளையும் இடத்தில் பிளைவுட் மடங்காது. பிவிசி பட்டை அழுகாது, ஆனால் பார்க்கக் குளியலறை மாதிரி இருக்கும். மறுபடி ஃபோம் வினைல் போட்டால் இதே கதைதான்.

இருதிசை வளைவுள்ள முன்கேபினில், கழற்றி மாட்டும்படியும் நீர் கோக்காமலும் இருக்க நீங்கள் எந்தப் பொருளைப் போட்டீர்கள்?