திறந்த பாடமா, கட்டற்ற பாடமா, ஊருணியா? (அவசரம்: வியாழன் மாலைக்குள்)

காரைக்குடி ஆசிரியர், திங்கள் இரவு:

குழும அன்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு. உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களும் இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் பாடக்குறிப்பு, காணொலி, வினாத்தாள் இவற்றை எடுத்து நம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எப்படி என்பதுதான் பொருள். 'ஓப்பன் எஜுகேஷனல் ரிசோர்சஸ்' என்பது 2002-இல் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய அரங்கில் வைத்த பெயர். தமிழில் என்ன போடலாம்? தலைமையாசிரியர் 'இலவசப் பாடங்கள்' என்று எழுதித் தந்தார், எனக்கு ஒப்பவில்லை. பிளெக்ஸ் கடைக்காரர் வியாழன் மாலைதான் கெடு என்கிறார்.

ஆத்தங்குடியான்:

இலவசம் வேண்டவே வேண்டாம். காசில்லாமல் பார்ப்பது ஒன்று, எடுத்து வெட்டி ஒட்டித் தமிழாக்கித் திரும்ப வெளியிடுவது வேறு. வைத்துக்கொள்ள, பயன்படுத்த, திருத்த, பிறவற்றோடு கலக்க, பகிர என ஐந்து உரிமைகள் சொல்வார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் வைக்கப் போவதாக 2001-இல் அறிவித்து, மறு ஆண்டு 50 பாடங்களோடு தொடங்கியது. பிறகு தைவானில் தன்னார்வலர்கள் அவற்றைச் சீனத்தில் பெயர்த்தார்கள். யாரும் வழக்குப் போடவில்லை, ஏனென்றால் உரிமத்திலேயே அந்த அனுமதி இருந்தது. அந்த அனுமதிதான் சொல்லில் தெரிய வேண்டும். என் பரிந்துரை: திறபாடம். 'ஓப்பன் சோர்ஸ்' மென்பொருளைத் திறமூலம் என்கிறோமே, அதுபோல வினைத்தொகை.

தேவகோட்டை ஆச்சி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை):

தம்பி, வினைத்தொகையில் வலி மிகாது, சரி. அதை நாக்கு கேட்குமா? நாளைக்கே எல்லாரும் 'திறப்பாடம்' என்பார்கள். அது திறம் + பாடம் ஆகிவிடும். திறமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பாதிப் பேர் வர மாட்டார்கள். திறமூலம் என்றாலோ எனக்கு நாட்டு மருந்துக்கடைதான் ஞாபகம் வருகிறது.

கோட்டையூரான்:

'பாடம்' வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லையா? நம்மிடம் 'படி' இருக்கிறது. படி என்றால் கல். படி என்றால் நகல். கற்பதையும் நகலெடுப்பதையும் ஒரே சொல்லில் வைத்த மொழி இது. ஏட்டைப் படித்தவன் படியெடுத்தான். படியெடுத்தவன் பிறருக்குப் படி அளந்தான். படு > படி > படிமம் > படிவம் என்று வேர் ஓடுகிறது. பொதுப்படி என்று போடுங்கள்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா பழைய புத்தகமும் நோட்டீசும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையில் நூலகமாக்கியது. சொந்தக் காசில் பொதுப்படி சேர்த்தவர் அவர்.

காரைக்குடி ஆசிரியர்:

ஐயா, வருவது அத்தனை பேரும் ஆசிரியர்கள். 'பொதுப்படி' என்று பார்த்தால் அகவிலைப்படி உயர்ந்துவிட்டதென்று கூட்டம் அலைமோதும். பயிலரங்கு முடிவில் என்னை விட மாட்டார்கள்.

ஆத்தங்குடியான்:

கோட்டையூர் அண்ணனுக்கு: "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். காலத்தில் வந்து வழங்கும் சொல்லை விலக்க வேண்டியதில்லை. பாடம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

கோட்டையூரான்:

அந்த நூற்பாவிலேயே 'படி' இருக்கிறது, பார்த்தீர்களா?

தேவகோட்டை ஆச்சி:

அது படு + இன், படின். வம்புக்கு இழுக்காதீர்கள்.

கோட்டையூரான்:

நானும் படு > படி என்றுதானே எழுதினேன்?

கானாடுகாத்தானிலிருந்து:

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவன் என்ற முறையில்: 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' ஏற்கெனவே வேரூன்றிய வழக்கு. 'கட்டற்ற கல்வி வளங்கள்' என்றே போடலாம். சிலர் சொல்லும் 'திறந்தநிலை' மட்டும் கூடாது. 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தால் அச்சொல் தொலைநிலைப் படிப்போடு ஒட்டிக்கொண்டது. அங்கே திறந்திருப்பது சேர்க்கை. இங்கே திறந்திருப்பது உரிமம்.

ஆத்தங்குடியான்:

கட்டற்ற என்றால் கட்டே இல்லை என்றாகிறது. எழுதியவர் பெயரைச் சொல் என்பது ஒரு கட்டு. வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்பது இன்னொன்று, எம்.ஐ.டி. உரிமத்திலேயே உண்டு. தவிர எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டால் எல்லாப் பாடமும் கட்டற்றுத்தான் போகிறது என்பான்.

தேவகோட்டை ஆச்சி:

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறீர்கள். ஊருணி. ஊர் உண்ணும் நீர். குறள் 215 பேரறிவாளன் செல்வத்தை ஊருணியோடு ஒப்பிடுகிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆத்தங்குடித் தம்பி கட்டைப் பற்றிக் கேட்டாரே, குடிதண்ணீர் ஊருணியில் யார் வேண்டுமானாலும் மொண்டு போகலாம், ஆனால் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அதுதான் உரிமம். கல்வி ஊருணி என்று போடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி, அழகான சொல். ஆனால் ஊருணியில் ஒரு குடம் மொண்டால் ஒரு குடம் குறையும். பாடத்தைப் பத்தாயிரம் பேர் எடுத்தாலும் குறையாது. தண்ணீரைத் திருத்தி எழுதித் திரும்ப ஊற்றவும் முடியாது. அப்புறம் இன்னொன்று, சொல்லத்தான் வேண்டும். 'யார் வேண்டுமானாலும்' என்கிறீர்கள். எல்லா ஊருணியிலும் எல்லாரும் இறங்க முடிந்ததா? எங்கள் பாட்டி மொண்டு ஊற்றச் சொல்லிக் கரையிலேயே காத்து நின்றவர். உலகத்துக்கே பொது என்கிற பொருளுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

(இதற்குப் பிறகு அரை நாள் யாரும் எழுதவில்லை.)

தேவகோட்டை ஆச்சி:

நீங்கள் சொல்வது உண்மை. அந்தக் காலத்து ஊருணிக்கு நான் வாதாடவில்லை. ஆனால் சொல்லையும் அவர்களிடமே விட்டுவிட வேண்டுமா? இனிமேல் இந்தச் சொல் எல்லாருக்கும் என்று ஆக்கினால் என்ன? என் வாக்கு ஊருணிக்குத்தான்.

காரைக்குடி ஆசிரியர், வியாழன் பிற்பகல்:

கடைக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன்: 'திறந்த கல்வி வளங்கள்' என்பதை யாரும் விரும்பிக் கேட்கவில்லை, ஆனால் நான்கு பேர் 'வேறு வழியில்லை என்றால்' என்று எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறீர்கள். அதையே கொடுத்துவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் 'எடுக்கலாம், திருத்தலாம், பெயர் சொல்லிப் பகிரலாம்' என்றும் சேர்த்தேன். பயிலரங்கில் நாங்கள் தொகுக்கும் பாடங்களைப் போடும் கோப்புறைக்கு மட்டும் 'ஊருணி' என்று பெயர். ஆச்சிக்காக.

கோட்டையூரான்:

'வளங்கள்' என்பதில் கள் தேவையா? வளம் என்றாலே போதுமே.

காரைக்குடி ஆசிரியர், வெள்ளி காலை:

பிளெக்ஸ் வந்துவிட்டது. நான் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். கடையில் யாரோ ஓர் ஒற்றைச் சேர்த்து 'திறந்தக் கல்வி வளங்கள்' என்று அடித்துவிட்டார்கள். ஆச்சி, நீங்கள் சனிக்கிழமை வருவதாக இருந்தால் பின்வாசல் வழியாக வாருங்கள்.